ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்

தம்பி,

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய பேச்சை நான்கு முறை படித்துவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிட்னியில் நம் பிஜி இந்தியர் சங்கத்து ஆண்டுவிழாவில், எனக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால், நீ அதைப் படிக்கப் போகிறாய். தன் கடையைக் கொள்ளையடித்துக் கணவனின் தோள் எலும்பை முறித்த ஜனங்களிடமே எழுபது வயதில் திரும்பிப் போய்த் தொண்டு செய்த தாய் என்று அதில் நான் வருகிறேன். கொள்ளை நடந்த ஐந்தாம் நாள் அந்தக் கும்பல் மறுபடியும் வந்தபோது, கரும்பு வெட்டும் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று, ஒரே ஒரு பொய்யால் அவர்களைத் திருப்பியனுப்பித் தாயைக் காப்பாற்றிய பதின்மூன்று வயதுப் பையன் என்று நீ வருகிறாய். இதே கதையை உன் கல்யாண விருந்தில் உன் மச்சினன் மைக்கில் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கதை பொய், தம்பி. நீ சொன்ன பொய்யைச் சொல்லவில்லை, நான் சொன்னதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இதை நீ தெரிந்துகொண்டாக வேண்டும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் விட்டேன். அதனால் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். சனிக்கிழமை நாள் முழுக்க கார்ட்டூன் பார்க்க விடாமல் உன்னை உட்கார வைத்துத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு நீ என்னைத் திட்டாத திட்டு இல்லை. இன்றைக்கு அது உதவுகிறது. உன் மனைவிக்கு இதைப் படிக்கத் தெரியாது. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். நான் இப்போது பிஜியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மார்டின்டாரில் ஒரு ஹோட்டல் அறையில் இருக்கிறேன். தொண்டு முடித்துத் திரும்புகிற கிழங்கட்டைகளை விமானம் ஏற்றுவதற்கு முன் இரண்டு நாள் இங்கே தங்க வைத்து, என்ன கற்றுக்கொண்டோம் என்று படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். என்னோடு வந்த ஜோன் நிரப்பிவிட்டு நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டாள். என் படிவம் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் எழுத வேண்டியதைத்தான் உனக்கு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தோம் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு நவுவாவில் கணக்கு வாத்தியார் வேலை, எனக்கு அங்கே சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. மூன்று வருஷ ஒப்பந்தம் என்று பாளையங்கோட்டையில் இருந்து கிளம்பி வந்தவர்கள் இருபது வருஷம் இருந்தோம். நீ பிறந்த வருஷம்தான், இந்தியர் கை ஓங்கிய ஆட்சி என்று சொல்லிப் பட்டாளம் செய்த முதல் 'கூ'. ஆட்சியைக் கவிழ்ப்பதற்கு இங்கே எல்லோரும், மார்க்கெட்டில் கீரை விற்கிற கிழவி உட்பட, அந்த ஒற்றை எழுத்தைத்தான் சொல்வார்கள். அப்போது நம் தெருவில் பாதி வீடு காலியானது. அப்பா, "நாம வாத்தியாரும் நர்ஸும்தானே, நம்மள யாரு என்ன செய்யப் போறா" என்றார். பிறகு வாத்தியார் வேலையை விட்டு ஆற்றோரச் சாலையில் மளிகைக் கடை போட்டார். ஒப்பந்தம் முடிந்த வெளிநாட்டு வாத்தியாருக்கு வேறு வழி இல்லை. நான் நர்ஸாகவே தொடர்ந்தேன். ஆற்றுக்கு மேலே இருக்கிற பூர்வகுடிப் பிஜியர் கிராமங்களுக்கு மாதம் இரண்டு முறை படகில் போவேன். பிரசவம், தடுப்பூசி, புண் கட்டு. என்னை அவர்கள் 'சிஸ்டர்' என்பார்கள். வீட்டுக்குத் திரும்பினால் அவர்களை நான் என்ன பெயர் சொல்லிக் குறிப்பிடுவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். 'ஜங்லி'. நம் தெருவில் எல்லோரும் சொன்ன வார்த்தைதான், இந்தியில் காட்டுமிராண்டி என்று அர்த்தம். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு, இந்தியரான பிரதமரையும் மந்திரிகளையும் நாடாளுமன்றத்துக்குள் பிடித்து வைத்த அந்த வருஷம் வந்தது. நம் கடைக்கு லாரியில் பையன்கள் வந்தது பட்டப்பகலில். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், நான் கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் இருந்தேன். அரிசி மூட்டை, மீன் டின், குளிர்பெட்டி, உன் சைக்கிள், கடைசியில் என் தையல் மிஷின். அப்பா வழி மறித்தார். ஒருவன் கட்டையால் தோளில் அடித்தான். அடித்தவன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தையல் மிஷினைத் தூக்கிப் போனவனைத் தெரியும். வில்லி. வயது பத்தொன்பது. முந்தின வருஷம் கோடாலி பட்டுச் சீழ் பிடித்த அவன் கணுக்காலுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டவள் நான். அவன் என்னைப் பார்க்கவில்லை, தலையைக் கவிழ்த்துக்கொண்டே தூக்கிப் போனான். வந்தவர்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருக்கும், எனக்குப் பெயர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். போலீஸில் அந்தப் பெயரைக் கொடுத்தேன். அதுவரை நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாளுக்கு வருகிறேன். அப்பா தலைநகரில், சுவா ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் நீயும் நானும். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், வெளிக்கேட் திறக்கிற சத்தம். நான் திரையை விரலகலம் விலக்கிப் பார்த்தேன். பிஜிய ஆண்கள் ஐந்து பேர். உடனே திரையை இழுத்துவிட்டேன். உன்னைக் கீழே உட்காரச் சொன்னேன். "எய்யா, அவனுவ திரும்பி வந்துட்டானுவ, வீட்டுல யாரும் இல்லைன்னு சத்தம் போடு" என்றேன். நீ சமையலறையில் இருந்து கரும்புக் கத்தியை எடுத்து வந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று, குரல் நடுங்க, இந்தியில் கத்தினாய். வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் சுவா போய்விட்டார்கள், போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று. திரைக்கு அப்பால் நிழலைத் தவிர நீ எதையும் பார்க்கவில்லை. பார்க்க நான் விடவில்லை. அவர்கள் உடனே போகவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். அந்த நேரம் முழுக்க நீ கத்தியைக் கீழே வைக்கவில்லை. அவர்கள் போன பிறகு உன்னைக் கட்டிப்பிடித்து, "என் ராசா, நீதாம்ல காப்பாத்தின" என்றேன்.

திரையை விலக்கியபோது நான் கண்டதை இப்போது சொல்கிறேன். ஐந்து பேரும் வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போவது போல் சாம்பல் நிற வேட்டி கட்டியிருந்தார்கள். முன்னால் இருந்தவர் வில்லியின் மாமா, செமி. அவர் இரண்டு கையிலும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு, பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தியிருந்தார். கடைசியில் வில்லி. ஐந்து பேரும் வாசல் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்கு அவர்கள் மொழியில் புலுபுலு என்று பெயர், புதைப்பது என்று பொருள். தப்புச் செய்தவனின் ஆட்கள் வேரை எடுத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் வந்து உட்கார வேண்டும். வீட்டுக்காரர் அந்த வேரைக் கையால் தொட்டு வாங்கிக்கொண்டால் விஷயம் புதைந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, கோர்ட்டுக்குப் போகக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கிராமங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடினவனுக்காக, குடித்துவிட்டு அடித்தவனுக்காக. ஒரு தடவை ஒரு பெண்ணின் வீட்டார் சார்பில் நானே கூட உட்கார்ந்திருக்கிறேன். ஆகையால் புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பயத்தில் செய்தேன் என்று நீ இப்போது எனக்காக வாதாடுவாய். பயம் இல்லை, தம்பி. அந்த ஐந்து பேரைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. எனக்கு அந்த வழக்கு வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு நர்ஸ் வேலையில் போகிற வழி, நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டதால் எனக்கு அடைபட்டிருந்தது. சுவாவில் ஒரு ஏஜென்ட், "கொள்ளையில் பாதிக்கப்பட்டவர்கள் என்று விண்ணப்பிக்கலாம். ஆனால் போலீஸ் வழக்கு நிற்க வேண்டும், பெயர் இருக்க வேண்டும், சமாதானம் ஆகிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லியிருந்தான். வேரை வாங்கினால் வழக்கு போய்விடும். வாங்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் வீட்டில் இல்லாதவளானேன். அதைச் சொல்ல உன் வாயைப் பயன்படுத்திக்கொண்டேன்.

வழக்கு நின்றது. நமக்கு விசா வந்தது. வில்லிக்கு இரண்டு வருஷம் ஜெயில். அப்பாவிடம் நடந்ததை விமானம் ஏறுகிற அன்று காலையில்தான் சொன்னேன். விமான நிலையத்தை ஒட்டிய வோட்டுவாலேவில் அவருடைய பழைய மாணவன் வீட்டில் தங்கியிருந்தோம். விமானம் இறங்குகிற சத்தத்தில் நீ வெளியே ஓடிவிட்டாய். அப்பா சட்டையை ஒரு கையால் போட முயன்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "வாங்கியிருக்கலாம் நீ" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிட்னியில் இருந்த பதினெட்டு வருஷத்திலும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

சிட்னியில் நீ வளர்ந்தாய், நன்றாகப் படித்தாய், வீடு வாங்கினாய். உன்னைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. குழாய் ரிப்பேருக்கு வந்தவன் பிஜியன் என்று தெரிந்ததும் அவனை வாசலோடு அனுப்பினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரக்பி பார்க்கும்போது நீ சொல்கிற வார்த்தைகள் எனக்குத் தெரிந்தவைதான், என் வீட்டு வார்த்தைகள்தான். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது அவரைக் குளிப்பாட்டி விட்டவள் லித்தியா, பிஜியப் பெண். அப்பா யாரிடமும் பேசாமல் இருந்த அந்தக் கடைசி மாதங்களில் அவளோடு மட்டும் அரைகுறைப் பிஜிய மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நீ அலுவலகத்தில் புகார் கொடுத்து அவளை வேறு மாடிக்கு மாற்றினாய். "அம்மா, அந்த ஜனங்க கை அப்பா மேல படக்கூடாது. நமக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னு நான் மறக்கல" என்றாய். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் கோபத்தின் அடியில் இருப்பது நான் வைத்த ஒரு பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். திறக்கவில்லை. போன வருஷம் மீரா, ஆறு வயதுக் குழந்தை, பள்ளியில் தன் பக்கத்தில் உட்காரும் பிஜியப் பெண்ணைப் பற்றி, "பாட்டி, அவ அப்பா திருடனா?" என்று கேட்டாள். அந்த வாரம்தான் இந்த முதியோர் தொண்டர் அமைப்புக்கு விண்ணப்பம் போட்டேன்.

நேர்முகத்தில், எதற்காகப் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். இனங்களுக்கு நடுவே இருக்கிற வெறுப்பைக் குறைக்க, வாழ்ந்து முடித்த எங்களைப் போன்றவர்கள்தான் பாலமாக முடியும் என்றேன். எங்கேயோ கேட்ட வாக்கியம். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். பயிற்சி நாளில் ஒரு பெண், வயதானவர்கள் ஒரே கூரையின் கீழே சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் எந்த வெறுப்பும் நிற்காது என்று ஒரு மணி நேரம் படம் காட்டினாள். எனக்கு எந்தக் கிராமம் வேண்டும் என்று நானே எழுதிக் கேட்டேன். நவுவா ஆற்றுக்கு மேலே, வில்லியின் கிராமம். அனுபவம் உள்ளவள் என்று மகிழ்ந்து கொடுத்துவிட்டார்கள்.

படகில் போய் இறங்கினோம், ஜோனும் நானும். ஜோன் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நல்லவள், வாய் ஓயாதவள். அவளுக்குத்தான் முதல் மாலை, பாயில் மேல் பக்கம் இடம். என்னைப் பார்த்து ஒருவர், "நீங்களும் ஆஸ்திரேலியாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நவுவா" என்றேன். பிறகு பின்னால் இருந்த ஒரு பாட்டி, "சிஸ்டர்" என்றாள். அவளுடைய கடைசிப் பிள்ளையை எடுத்தவள் நான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கை தட்டினார்கள், யங்கோனா கொடுத்தார்கள். அந்த இடத்திலேயே யாராவது பழைய கதையைக் கிளப்புவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கிளப்பவில்லை. முதல் வாரம் இல்லை, இரண்டாம் வாரம் இல்லை. சர்க்கரை வியாதியில் அழுகிய கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டேன். இந்த ஊரில் இப்போது அதுதான் பெரிய நோய். ஒவ்வொரு காலையும் கையில் எடுக்கும்போது, இந்தக் காலுக்கு உரியவள் ஏதாவது சொல்வாள் என்று நினைப்பேன். வலிக்கிறது என்பார்கள், நன்றி என்பார்கள். அவ்வளவுதான்.

தொண்டு எதைக் குறைத்தது என்று நீ பேச்சில் எழுதியிருக்கிறாயே, நான் கண்டதைச் சொல்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், "நீங்க மத்த இந்தியாக்காரங்க மாதிரி இல்ல சிஸ்டர்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். நவுவா மார்க்கெட்டுக்கு ஒரு நாள் இறங்கி வந்தபோது, நம் பழைய வாடிக்கை, நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த குடும்பத்துக் கிழவி, தமிழில் கேட்டாள். "இன்னாமா, கோரோலியா தங்கிக்கீற? துணியெல்லாம் பத்ரமா வச்சிக்கோ, அவனுங்க கை சும்மா கெடக்காது." கோரோ என்றால் அவர்கள் கிராமம். நான் இல்லை என்று மறுக்கக்கூட இல்லை, கத்திரிக்காயை வாங்கிக்கொண்டு படகேறினேன். ஜோன் வாரம் ஒரு முறை இணையத்தில் எங்கள் ஒற்றுமையைப் பற்றி எழுதினாள். எல்லோருக்கும் ஒருவரைப் பிடித்துப்போய், அந்த ஒருவரை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சப் பேரைப் பற்றிய நினைப்பை அப்படியே வைத்திருக்க முடியும். மூன்று மாதமும் இதைத்தான் பார்த்தேன்.

வில்லிக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. ஆற்றில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டுகிறான். எங்களைக் கொண்டுவந்து இறக்கியவனே அவன்தான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனோடு படித்தவர்கள் இரண்டு பேர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து வீடு கட்டிவிட்டார்கள். ஜெயிலுக்குப் போனவன் என்பதால் இவனை எடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கிற வேலைக்கும் போலீஸ் சான்று கேட்டார்கள், அதுவும் போயிற்று. இதெல்லாம் ஜோனுக்குப் பேச்சுவாக்கில் தெரிந்து, என்னிடம் பாவம் என்று சொன்னாள். அவனுடைய மாமா செமி எட்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார்.

ஊர்த்தலைவரிடம் போய், நான் புலுபுலு செய்ய வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "உங்க கூட யாரு வருவாங்க சிஸ்டர்?" என்று கேட்டார். தனியாள் மன்னிப்புக் கேட்கிற வழக்கமே அவர்களிடம் இல்லை. செய்தவரின் ஆட்கள் சேர்ந்து வர வேண்டும், அவர்களில் ஒருவர் பேச வேண்டும், செய்தவர் பின்னால் வாய் மூடித் தலை குனிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் போன மாதம் உன்னைக் கூப்பிட்டேன். ஒரு வாரம் வந்து போ என்றேன், ஏன் என்று சொல்லவில்லை. "அங்க நான் கால் வெக்க மாட்டேம்மா. நீ போனதே போதும்" என்றாய். அப்போதும் சொல்லியிருக்கலாம். "சரி எய்யா, மீரா என்ன செய்யுதா" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

கடைசியில் ஊர்த்தலைவர் தன் தங்கை மகனையே எனக்காகப் பேச அனுப்பினார். நம் ஆட்களுக்குப் பதிலாக ஜோன் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்க்கெட்டில் வாங்கிய வேர்க்கட்டு. வில்லியின் வீட்டுப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்தோம். என் தரப்பில் பேசியவனும் அவர்கள் பையன், கேட்டவர்களும் அவர்கள். வில்லி வேரைத் தொட்டான், ஏற்றுக்கொண்டதாக மூன்று முறை கை தட்டினார்கள். அழுகை வந்தது எனக்கு. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு வெளியே வந்து படகுத்துறைப் பக்கம் நடந்தபோது வில்லி கூட வந்தான். இந்தியில்தான் பேசினான்.

"முடிஞ்சுது சிஸ்டர். இனிமே இதுக்காக நீங்க இங்க வர வேண்டாம்" என்றான். கோபம் இல்லாமல் சொன்னான். அவன் எனக்கு மரியாதை செய்தான், வயதானவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை, அவ்வளவுதான். வேரை வாங்கிக்கொள்ள வேண்டியவள் நான்தான் என்று இருந்தபோது நான் வாங்கவில்லை. நான் கொண்டுவந்தபோது வாங்க வேண்டிய செமி மண்ணுக்குள் இருந்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவனே கேட்டான்.

"அந்தப் பையன் எப்படி இருக்கான்?"

"சிட்னியில் இருக்கான். பெரிய வேலை. ஒரு பெண் குழந்தை."

"ரொம்பப் பயந்துட்டான் அன்னைக்கு. குரல் இப்பவும் காதுல இருக்கு."

அவன் சொன்னான், "நீங்க உள்ள இருக்கீங்கன்னு மாமாவுக்குத் தெரியும் சிஸ்டர். உங்க வெள்ளை ஷூ படிக்கட்டுல இருந்துச்சு. ஒரு ஆளு போய்க் கதவத் தட்டட்டுமான்னு கேட்டான். மாமா விடல. சிஸ்டர் வரும்போது வரட்டும்னு சொல்லி உட்காந்திருந்தார். அப்புறம் அந்தப் பையன் உள்ள அழுவுறது கேட்டுச்சு. 'போதும், நாம இருக்கிற வரைக்கும் அந்தப் பிள்ள பயந்துக்கிட்டே இருக்கும், எழுந்திரிங்க'ன்னுட்டார். அதுக்காகத்தான் போனோம்."

தம்பி, நீ அழுதது எனக்கு நினைவே இல்லை. கத்தியோடு நின்றது மட்டும்தான் நினைவில் இருந்தது. அதை மட்டும்தான் நான் ஊருக்கும் சொன்னேன். நீ சொன்ன பொய்யைக் கேட்டு அவர்கள் போகவில்லை. அதை அவர்கள் நம்பவே இல்லை. நீ அழுததற்காகப் போனார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட உன்னைத் தொட வந்தவர் இல்லை. உன் அழுகையைக் கேட்டு மனது பொறுக்காமல், தங்கள் பையனை ஜெயிலுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போனவர்கள். இருபத்தைந்து வருஷமாக நீ வெறுத்துக்கொண்டிருப்பது அவர்களை. வெறுக்கச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து அறையில் உனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்ததும் நீ மாறிவிடுவாய் என்று நான் நம்பவில்லை. உனக்கு முப்பத்தெட்டு வயது, என் பிடிவாதம் வேறு. கடையைக் கொள்ளையடித்தது உண்மைதானே, அப்பாவின் தோளை முறித்தது உண்மைதானே என்பாய். உண்மைதான். என் மேல் வருகிற கோபத்தையும் சேர்த்து அவர்கள் மேலேயே போடுவாய் என்றுதான் பயப்படுகிறேன். மீராவிடம் நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. லித்தியாவைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் அதற்கு நாம் இருவருமே போக மாட்டோம். கை தட்டுகிற கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கதையை மட்டும் சொல்லாதே. வேறு எதையும் உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை.

எழுபது வயதில் கடல் தாண்டி வந்து முன்பின் தெரியாதவர்களின் காலைக் கழுவியது பெரிய காரியம் என்று எழுதியிருக்கிறாய். இல்லையடா. உன் எதிரில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்வதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. அதனால்தான் வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் இறங்குகிறேன். நீ விமான நிலையத்துக்கு வராவிட்டால் ரயிலில் வந்துகொள்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது.

அம்மா